கம்பெனி ஃபிட்டிங்கா, வெளி ஃபிட்டிங்கா?

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வெளிச்சம் கிடையாது. இருக்கவும் கூடாது. ஓர் உயரமான நாற்காலி, சுவரில் ஒளிரும் எழுத்துகள், மரப்பெட்டி நிறைய வட்ட வட்டமாகக் கண்ணாடி வில்லைகள். நாற்காலியில் உட்காருபவரின் மூக்கின்மேல் கனமான சட்டத்தை ஏற்றி, ஒரு வில்லையைச் செருகி எடுத்து, இன்னொன்றைச் செருகி, "ஒண்ணாவதா, ரெண்டாவதா? எதுல நல்லாத் தெரியுது?" என்று கேட்பதுதான் நம்மவரின் தொழில். காலையிலிருந்து மாலைவரை இதே கேள்விதான். பரீட்சைக்குப் பயந்து பள்ளியை விட்டவர்கள்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும் ஒரு பரீட்சை எழுதி, வியர்த்து, தப்பான விடை சொல்லிவிட்டோமோ என்று கவலையோடு வெளியே வந்திருக்கிறார்கள். அதனால் ஊர் அவருடைய இயற்பெயரை என்றோ கைவிட்டுவிட்டது. "ஒண்ணா ரெண்டா வீடு எது?" என்று கேட்டால் போதும், தெருவில் யாரானாலும் வழி காட்டுவார்கள்.

ஊருக்கே தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுத்த இந்தப் பெருமகனார் தன் சொந்த வாழ்க்கையில் எதையும் தேர்ந்தெடுத்ததாக வரலாறு இல்லை. மின்விசிறி வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கிக் கடைசியில் ஒன்றை வாங்கி மாட்டிய அன்று மழைக்காலம் தொடங்கியது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஊரில் இரண்டு பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. இரண்டில் எது மேல் என்று அவர் ஒப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர் மனைவி அருகில் இருந்த பள்ளியில் சேர்ந்து, படித்து, உரிமமும் வாங்கிவிட்டார். கல்யாணமும் அப்படித்தான் நடந்தது என்பது உறவினர் தரப்புத் தகவல். பெண் பார்த்துவிட்டு வந்தவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி யோசித்துக்கொண்டே இருக்க, பெண் வீட்டிலிருந்து, "பொண்ணு சரின்னு சொல்லிட்டா, நீங்க மெதுவா வாங்க" என்று ஆள் வந்ததாம்.

அவர் இதைக் குழப்பம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். "ஒரு பொருளைப் பத்தித் தெரிஞ்சுக்க வேணாமா? ஆர்வம்தான்" என்பார். அதுவும் பொய்யில்லை. தையல் இயந்திரத்தின் உள்ளே நூல் எப்படி முடிச்சுப் போடுகிறது என்று பார்க்க அதைப் பிரித்தவர் அவர். திருப்பிச் சேர்க்க ஆள் கூப்பிட வேண்டியிருந்தது என்பது தனிக்கதை.

மனைவி குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தார். நகரத்துக்கு வரும் தண்ணீரைக் குடுவையில் பிடித்து, நிறம் பார்த்து, மணம் பார்த்து, மருந்து விட்டுப் பார்த்து, குடிக்கலாம் என்று சொல்லும் வேலை. கணவனும் மனைவியும் தினமும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்புவார்கள். பரிசோதனைக் கூடத்தில் அவரை இறக்கிவிட்டு இவர் கடைக்குப் போவார். சாயங்காலம் அதே கணக்கில் திரும்புவார்கள். வீட்டில் பேச நேரமில்லாத எல்லாவற்றையும் அந்த ஸ்கூட்டரில்தான் நம்மவர் பேசித் தீர்ப்பார்.

இந்த ஏற்பாட்டின் தலையில் ஒரு பதவி உயர்வு வந்து விழுந்தது. ஊருக்கு வெகுதூரத்தில், மலையடிவாரத்து நீர்த்தேக்கத்தை ஒட்டிய சுத்திகரிப்பு நிலையத்துக்கு மனைவியைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். ஒன்றாம் தேதி அங்கே பொறுப்பேற்க வேண்டும். ஏற்காவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அவரோ ஏற்கெனவே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தார். பேருந்து பாதி வழியில் நின்றுவிடும். லாரிகள் பறக்கும் அந்தச் சாலையில் ஸ்கூட்டர் உதவாது. ஆகவே கார்.

மனைவி ஒரு மத்தியான இடைவேளையில் போய்க் காரைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தார். எந்த வண்டி, என்ன நிறம், எல்லாம் முடிந்தது. பாக்கி ஒன்றே ஒன்றுதான். பெருந்தன்மையோடு அதைக் கணவரிடம் விட்டார்.

"வண்டி முன்னாடி ஒரு திரை வரும்ல, பாட்டு பாடுறது, வழி காட்டுறது? அதைக் கம்பெனியிலயே போட்டு வாங்கலாமா, வெளியில போட்டுக்கலாமான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

படித்தவர், பதவி உயர்வு பெற்றவர், தண்ணீரில் கலந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கண்டுபிடிப்பவர் செய்த பிழை இது.

விஷயம் பார்வைக்கு எளிமையானது. உயர் ரக வண்டி என்றால் தொழிற்சாலையிலேயே திரை, வழிகாட்டி, ஸ்பீக்கர் எல்லாம் பொருத்தி வரும். ஆனால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும், ஒன்றாம் தேதி தாண்டித்தான் கையில் கிடைக்கும். சாதாரண ரகமோ ஷோரூமின் பின்கட்டில், மனைவி கேட்ட நிறத்திலேயே, தயாராக நிற்கிறது; ஆனால் திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் இருக்கும். வெளியே கடையில் கொடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

நம்மவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஷோரூமுக்கு அவர் வெறுங்கையோடு போகவில்லை. கிட்டத்தில் வைத்துப் படிக்கவைக்கும் எழுத்து அட்டையைப் பையில் எடுத்துப் போனார். அங்கே வண்டி காட்டும் பெண், சீருடையும் சிரிப்புமாக, உயர் ரக வண்டியின் கதவைத் திறந்துவிட்டாள். நம்மவர் உட்கார்ந்து, எழுத்து அட்டையைத் திரையின் பக்கத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் படித்தார். மறு கண்ணை மூடிப் படித்தார். வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்லி, திரையில் வெளிச்சம் பட்டுக் கூசுகிறதா என்று பார்த்தார். தெருவின் பெயர் எழுதிய எழுத்து, சாதாரணமாக ஓட்டுநர் உட்காரும் தூரத்திலிருந்து எத்தனை வயதுவரை கண்ணாடியில்லாமல் படிக்க முடியும் என்று மனக்கணக்குப் போட்டார்.

"சார், பாட்டு போட்டுக் காட்டட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"பாட்டு இருக்கட்டும். அந்தத் தெருப் பேரை அங்க நின்னு படிங்க பாப்போம்."

படித்தாள். இரண்டு எழுத்தை மாற்றிப் படித்தாள்.

"உங்களுக்கு வலது கண்ணுல கொஞ்சம் பவர் இருக்கும்மா. தலைவலி வருமே?"

"சாயங்காலம் வரும் சார். கம்ப்யூட்டர் பாக்குறதாலன்னு நெனச்சேன்."

வண்டி விற்க வந்தவள் கண்ணாடி வாங்க நாள் குறித்துக்கொண்டாள். அன்று அந்த ஷோரூமில் நடந்த ஒரே வியாபாரம் அதுதான்.

ஆனாலும் நம்மவர் கிளம்பும்வரை தன் கட்சியை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "கம்பெனி ஃபிட்டிங் வண்டியோட கூடவே பொறந்தது சார். ஸ்டீரிங்ல இருக்கிற பட்டன் அமுக்கினா கேக்கும். ரிவர்ஸ் எடுத்தா பின்னாடி இருக்கிறதக் காட்டும். கதவு திறந்திருந்தா, பெல்ட் போடாட்டி, எல்லாத்துக்கும் அதுவே சத்தம் குடுக்கும். வெளியில போட்டா கம்பியை வெட்டுவாங்க, வாரண்டி போயிடும்."

கூட வந்திருந்த மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, இதற்காகவே காத்திருந்தவன் போலக் கேட்டான்: "கூடப் பொறந்ததெல்லாம் உருப்படியா இருக்கும்னு யார் சொன்னா? எங்க அக்காகூடப் பொறந்தவன் நான்தான். கேட்டுப் பாருங்க."

மைத்துனன் வெளி ஃபிட்டிங் கட்சி. அவன் வண்டியில் உணவுத் தட்டு அளவுக்கு ஒரு திரை இருந்தது. அதில் அவனுடைய போன் தெரியும். போனில் இருக்கும் வரைபடம் தெரியும். "மாமா, கம்பெனிக்காரன் குடுக்கிற மேப் அவன் வண்டி செஞ்ச அன்னைக்கு இருந்த ஊரு. போன்ல வர்றது இன்னைக்குக் காலையில இருக்கிற ஊரு. பழைய ஊருக்கா போகப் போறோம்?"

மறுநாள் நம்மவர் அவன் சொன்ன பொருத்துநரின் கடைக்குப் போனார். டயர் கடைக்குப் பின்னால், கதவு கழற்றிய வண்டிகளும் கம்பிக் கொத்துகளுமாக ஒரு கொட்டகை. பொருத்துநர் ஒரு வண்டியின் முன்பலகைக்குள் தலையை விட்டிருந்தார். நம்மவர் கேட்டதற்கெல்லாம் பதில் உள்ளேயிருந்தே வந்தது.

"கம்பி வெட்டணுமா?"

"வெட்டவே வேணாம் சார். இதுக்குன்னே கப்ளர்னு ஒரு சொருகி வருது. அவங்க சொருகின இடத்துல நாம சொருகுவோம். நாளைக்கு வேணாம்னா உருவிட்டு மூடியப் போட்டுடலாம். வாக்கப்பட்டு வந்ததும் நல்லாத்தான் சார் குடித்தனம் பண்ணும். பொறந்தது மட்டும்தான் பண்ணுமா?"

"ஸ்டீரிங் பட்டன் வேலை செய்யுமா?"

"செய்ய வெச்சிரலாம்."

"கதவு திறந்திருந்தா சத்தம் வருமா?"

"நீங்க சொல்ற வண்டியில அது தனி. சில வண்டியில ரேடியோப் பெட்டிய எடுத்தா எல்லாச் சத்தமும் போயிடும், இண்டிகேட்டர் டிக்டிக்கூட வராது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல."

இது நம்மவருக்குப் புதிய செய்தி. இண்டிகேட்டரின் டிக்டிக் ஒலி ரேடியோவுக்குள்ளிருந்து வருமா? அந்த மகிழ்ச்சியில் இன்னும் பல கேள்விகள் கேட்டார். திரை சூடாகுமா, ஆணியில்லாமல் நிற்குமா, குளிரில் மந்தமாகுமா, உள்ளே விசிறி உண்டா. கடைசியில் பொருத்துநர் தலையை வெளியே எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டி எங்க சார் நிக்குது?"

"இன்னும் வாங்கல."

பொருத்துநர் தலையை மறுபடி உள்ளே விட்டுக்கொண்டார்.

வீட்டில் நாட்காட்டி மெலிந்துகொண்டே வந்தது. மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் இவர் தொடங்குவார்: கூடப் பிறந்ததில் இந்த நல்லது, வாக்கப்பட்டு வந்ததில் அந்த நல்லது. ஆனாலும் கூர்ந்து கவனித்தால் ஒன்று தெரியும். ஒவ்வொரு நாளும் ஆராய்ச்சி எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும், முடியும்போது கம்பெனி ஃபிட்டிங் பக்கமே கொஞ்சம் சாய்ந்து முடிந்தது. "காத்திருந்தாலும் நல்லதா வாங்கிடலாம்" என்ற சொற்றொடர் அடிக்கடி காதில் விழுந்தது. மனைவி கூர்ந்து கவனிப்பதைத் தொழிலாகக் கொண்டவர். கவனித்தபடியே குழம்பைப் பரிமாறினார்.

கடைசியில் மைத்துனன்தான் ஒரு யோசனை சொன்னான். அக்கா வேலை பார்க்கப் போகிற இடத்துக்கே ஒருமுறை போய் வருவது. ஷோரூம் வண்டியில் கம்பெனி வழிகாட்டி. அவன் கையில் போன், அவன் வண்டித் திரையில் தெரிவதும் அதேதான். எது சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அதுவே வென்றது. நம்மவருக்கு உச்சி குளிர்ந்தது. ஒரே பாதை, இரண்டு கருவிகள். அவருடைய பின்னறைச் சோதனையே சக்கரம் வைத்துக் கிளம்பியது போல இருந்தது.

சோதனை ஓட்டம் என்றால் சாதாரணமாகப் பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்புவதுதான். ஆனால் புதுக் கண்ணாடி அணிந்திருந்த ஷோரூம் பெண்ணால் மறுக்க முடியவில்லை. தலைவலி போயிருந்தது, நன்றி பாக்கியிருந்தது. மனைவி ஓட்ட, ஷோரூம் பெண் பக்கத்தில் உட்கார, நம்மவரும் மைத்துனனும் பின்னால் ஏறினார்கள்.

வண்டிக்குள் இரண்டு குரல்கள் புறப்பட்டன. முன்பலகையில் ஒரு பெண் குரல், பொறுமையாக, பள்ளிக்கூட ஆசிரியை போல. பின்னிருக்கையில் போனிலிருந்து ஓர் ஆண் குரல், அவசரமாக. ஊர் எல்லைவரை இருவருக்கும் ஒற்றுமை நிலவியது. முதல் ரவுண்டானாவில் மனஸ்தாபம் ஆரம்பித்தது.

"இடப்பக்கம் திரும்பவும்" என்றாள் முன்னவள்.

"நேராகச் செல்லவும்" என்றான் பின்னவன்.

"ரெண்டு பேரும் சண்டை போடறப்ப நான் சுத்திக்கிட்டே இருக்கட்டுமா?" என்று மனைவி வட்டத்தை இன்னொரு முறை சுற்றினார்.

"அக்கா, நேரா போ."

"மேடம், லெஃப்ட். இது சாட்டிலைட்."

"இதுவும் சாட்டிலைட்தான்" என்றான் மைத்துனன். "உங்களுது மட்டும் தனியா ஏவினாங்களா?"

நம்மவர் இரண்டு வரைபடங்களையும் மாறி மாறிப் பார்த்துப் பேரானந்தத்தில் இருந்தார். ஒரே பூமி, ஒன்றில் அங்கே சாலை இருக்கிறது, மற்றொன்றில் வெறும் பச்சை. எது பூமியிடம் கேட்டுச் சொல்கிறது?

"கம்பெனி சொல்றத முதல்ல பாப்போம்" என்று தீர்ப்பு சொன்னார்.

இடப்பக்கம் போனார்கள். சாலை மெல்ல ஒடுங்கியது. தார் மண்ணாயிற்று. "நேராகச் செல்லவும்" என்று முன்னவள் நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டிருக்க, எதிரே புத்தம் புதிய மதில் சுவர் வந்து நின்றது. மேலே கம்பிவேலி, அப்பால் ஏதோ ஒரு கிடங்கு. சுவரில் பெயிண்ட் மணம்கூடப் போகவில்லை.

"நேராகச் செல்லவும்."

"செவுத்துக்குள்ளயா?" என்றார் மனைவி.

ஷோரூம் பெண் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். சுவர் அப்படியே இருந்தது. "அடுத்த சர்வீஸ்ல மேப் அப்டேட் பண்ணுவாங்க மேடம்" என்றாள், தாழ்ந்த குரலில்.

மைத்துனனுக்கு வாய் காதுவரை போனது. "மாமா, இப்ப பாருங்க." பின்னவன் வழியில் திரும்பினார்கள். ஆண் குரல் இரண்டு மூன்று திருப்பங்களில் அழகாகக் கொண்டுபோனது. மலை கண்ணில் பட்டது. அப்போது குரல் நின்றது. திரையில் ஒரு நீலப் புள்ளி. சுற்றிலும் வெள்ளைத் தாள் போல ஒன்றுமில்லை.

"என்னாச்சு?"

"சிக்னல் இல்ல மாமா. மலை மறைக்குது."

"அப்ப நாம எங்க இருக்கோம்?"

"இங்கதான்" என்று மைத்துனன் நீலப் புள்ளியைக் காட்டினான். அது உண்மைதான், பயன்தான் இல்லை. முன்னவளோ இன்னும் அந்த மதில் சுவருக்கே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மனைவி வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினார். சாலையை ஒட்டி, புதருக்கு நடுவே, கான்கிரீட் கட்டைகள்மேல் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பெரிய இரும்புக் குழாய் ஓடியது. போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். குனிந்து வால்வு ஒன்றின்மேல் இருந்த தூசியைத் துடைத்துப் பார்த்தார். திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தவர் முகத்தில் ஒரு பளபளப்பு.

"இது நம்ம குழாய். வால்வுல இருக்கிற அம்புக்குறி ஊரைப் பாத்திருக்கு. அப்ப நாம எதிர்ப்பக்கம் போகணும். குழாய் எங்க புறப்படுதோ அங்கதான் நான் வேலை பாக்கப் போற இடம்."

"குழாய் பாதியில மண்ணுக்குள்ள போயிட்டா?" என்று கேட்டார் நம்மவர், ஆராய்ச்சியாளருக்கு உரிய அக்கறையோடு.

"மேடு வர்ற இடத்துல காத்து வெளியேற ஒரு வால்வு வெச்சுத்தானே ஆகணும். அது தலைய நீட்டிக்கிட்டு இருக்கும். பாத்துக்கிட்டே போவோம்." பிறகு யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னார்: "இத்தனை வருஷமா இந்தத் தண்ணி வந்து சேர்ற இடத்துலதான் உக்காந்திருக்கேன். புறப்படற இடத்தை இன்னைக்குத்தான் பாக்கப் போறேன்."

குழாய் புதைந்தது, தலை நீட்டியது, பாலம் ஏறியது, மறுபடி புதைந்தது. நால்வரும் கண்ணைப் பிய்த்துக்கொண்டு தேடினார்கள். "அதோ வால்வு!" என்று ஷோரூம் பெண் முதலில் கத்தினாள், கண்ணாடியின் பெருமை. கட்சி வேறுபாடு மறந்து மைத்துனன் அவளுக்குக் கை தட்டினான். கடைசி வளைவில் குழாய் ஒரு பெரிய வாயிலுக்குள் நுழைந்தது. கார் அதன் பின்னால் நுழைந்தது.

காவலாளி எட்டிப் பார்த்தார். "புது மேடமா? ஒண்ணாம் தேதின்னாங்க?"

"சும்மா பாக்க வந்தேன்" என்றார் மனைவி. ஆனால் அவர் சும்மா பார்க்கவில்லை. வடிகட்டித் தொட்டிகளின் ஓரமாக நடந்து, ஒவ்வொன்றிலும் குனிந்து பார்த்தார். உள்ளே பரிசோதனை அறையில் ஒரு குடுவையில் நீர்த்தேக்கத்துத் தண்ணீரைப் பிடித்து வெளியே கொண்டுவந்து வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். "இங்க எவ்ளோ கலங்கலா இருக்கு! அங்க வர்றப்ப எப்படித் தெளிஞ்சு வருது!" என்று காவலாளியிடம் வியந்தார். காவலாளி, தாமே தெளியவைத்தது போலத் தலையசைத்துக்கொண்டார்.

நம்மவர் மனைவியின் கண்களைப் பார்த்தார். தொழில் பழக்கம். வெயிலைப் பார்த்தால் கண்ணின் பாவை சுருங்க வேண்டும், விதி அது. இந்தக் கண்கள் விதியைப் பொருட்படுத்தவில்லை. விரிந்து, கறுத்து, பெரிதாக இருந்தன. பெண் பார்க்கப் போன அன்று காபித் தட்டுக்கு மேலே அவர் பார்த்த அதே கண்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அன்று அவர் யோசித்துக்கொண்டிருந்ததால் சரியாகப் பார்க்கவில்லை. ஆகவே இந்தக் கண்களை இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

திரும்பும் வழி முழுவதும் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மைத்துனன் பயந்து, "மாமா, வாந்தி வருதா?" என்று ஜன்னலைத் திறந்துவிட்டான்.

மறுநாள் காலை ஸ்கூட்டரில், ஊர் விழித்து இரைச்சல் போடத் தொடங்கிய நேரத்தில், மனைவி அவர் தோளைத் தட்டினார்.

"ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"நீங்க பெட்டியத் தேடல. நாளத் தள்ளறீங்க."

"சேச்சே. ரெண்டுலயும் குறை இருக்குல்ல, நேத்து பாத்தோமே…"

"உங்க நாற்காலியில உக்காந்து பொய் சொல்றவங்கள நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"பதில் சொல்றதுக்கு முன்னாடி என் மூஞ்சியப் பாப்பாங்க."

"இப்ப நீங்க என் மூஞ்சியப் பாத்தீங்க."

நம்மவர் பார்வையைத் திருப்பி ஸ்கூட்டரின் ஹாரனைப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை.

"போக வேணாம்னா வாயத் திறந்து சொல்லுங்க. சொன்னாலும் போவேன். ஆனா சொன்னாருன்னு ஒரு மரியாதை இருக்கும். இப்படி ரேடியோவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்காதீங்க."

ஹாரனைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "போகாதேன்னு சொல்லல. நீ அங்க நின்ன நிலையப் பாத்தப்புறம் யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? ஆனா… நாம ரெண்டு பேரும் பேசறதே இதுலதானே? காலையில இவ்ளோ தூரம், சாயங்காலம் இவ்ளோ தூரம். அது போயிடுமே."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஏன் சிரிக்கிற?"

"கோவப்படக் கூடாது. காத்துல எனக்குப் பாதி கேக்காதுங்க."

"என்னது?"

"ஹெல்மெட் வேற. பாதிதான் கேக்கும். மீதிய நானா நிரப்பிக்கிட்டு 'ம்' சொல்லுவேன்."

"இத்தனை வருஷமாவா?"

"நான் நிரப்பிக்கிட்டதும் நல்லாத்தான் இருந்தது" என்றார் மனைவி, ஆறுதலாக.

தன் வாழ்நாள் சொற்பொழிவுகளில் பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டதை அறிந்த ஒரு மனிதன் என்ன செய்வான்? நம்மவர் அன்று கடைக்கு அரை நாள் விடுப்பு சொன்னார். ஷோரூமுக்குப் போய், "பின்கட்டுல நிக்கிற வண்டியக் குடுங்க" என்றார். ஷோரூம் பெண், "யோசிச்சுட்டீங்களா சார்?" என்றாள் கவலையோடு. "இல்லம்மா. அதான் வந்துட்டேன்" என்றார்.

மனைவி ஓட்ட, மைத்துனனும் ஏறிக்கொள்ள, பிளாஸ்டிக் மூடி போட்ட வண்டி நேராகப் பொருத்துநரின் கொட்டகைக்குப் போனது. பொருத்துநர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். இப்படி ஒரு வண்டி உண்மையிலேயே இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"எந்தப் பெட்டி சார்? சத்தம் பெருசா வர்றதா, திரை பெருசா இருக்கிறதா?"

"மைக் எதுல நல்லா இருக்கும்?"

"மைக்கா? அத யாரும் கேக்க மாட்டாங்களே சார்."

"நான் கேக்கறேன். வண்டி ஓட்டறவங்க பேசினா எனக்குக் கேக்கணும். நான் பேசினா அவங்களுக்கு முழுசா கேக்கணும்."

பொருத்துநர் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஆடம்பரமில்லாத ஒரு பெட்டியை எடுத்தார். மலைக்குப் பின்னால் சிக்னல் போனாலும் வழி தெரிய, வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். மைத்துனனுக்கு அதுவரை இது தெரியாது. தெரிந்தது போலவே தலையாட்டினான்.

பொருத்தி முடித்ததும் மனைவி உள்ளே உட்கார்ந்து கதவை அடைத்துக்கொண்டார். நம்மவர் தெருக்கோடிவரை நடந்து, டயர் கடைக்கு அப்பால் நின்று, போனில் பேசினார்.

"கேக்குதா?"

"கேக்குது."

"எவ்ளோ கேக்குது?"

"எல்லாமே கேக்குதுங்க. நீங்க மூச்சு வாங்கறதுகூட."

திரும்பி வந்தபோது திரையில் முதல் கேள்வி ஒளிர்ந்துகொண்டிருந்தது: மொழியைத் தேர்ந்தெடுக்கவும். உலகத்திலுள்ள மொழிகளில் பெரும்பாலானவை வரிசையாக நின்றன. நம்மவர் கண்களில் பழைய ஒளி ஒன்று தோன்றியது. "அடேயப்பா, இதெல்லாம் பேசுமா? இருங்க, ஒவ்வொண்ணா…" என்று சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் மனைவி ஒன்றை அமுக்கிவிட்டார்.

ஒன்றாம் தேதி காலை கார் தெருமுனை திரும்பிப் போனது. பதவி வரிசையில் அடுத்து நின்றவர் இஸ்திரி போட்ட சட்டையை மடித்து உள்ளே வைத்தார். நம்மவர் தனியாக ஸ்கூட்டரில் கடைக்குப் போய், வேலையைத் தொடங்குமுன் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இன்னொரு முறை செய்தார். எடுக்கவில்லை. அன்று நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் சிலருக்கு ஒரே வில்லையை இரண்டு முறை போட்டுக் காட்டினார். அவர்களும் மரியாதைக்கு இரண்டாவதுதான் நல்லாயிருக்கிறது என்றார்கள்.

மாலை மனைவி வந்து பையை வைத்ததும் வாசலிலேயே கேட்டார்.

"போன் வேலை செய்யலியா? மைக்கா? கப்ளர் லூசாயிடுச்சா?"

"எல்லாம் நல்லா வேலை செய்யுது. நீங்க கூப்பிட்டது தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"பாடிக்கிட்டிருந்தேன்."

"பாட்டு கேட்டுக்கிட்டிருந்தியா? ஸ்பீக்கர் எப்படி? பின்பக்கமும் வருதா?"

"இல்லங்க. பெட்டிய அணைச்சுட்டேன். நான் பாடிக்கிட்டிருந்தேன்."

நம்மவர் அப்படியே நின்றார். ரேடியோவுக்குள்ளிருந்து இண்டிகேட்டர் ஒலி வரும் என்று தெரிந்துகொண்டவர், தையல் இயந்திரத்தின் முடிச்சைத் தெரிந்துகொண்டவர், ஊராரின் இரு கண்களையும் தனித்தனியாக அறிந்தவர்.

"நீ பாடுவியா?"

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கதவ மூடினா ஒரே அமைதி. யாருமில்ல. வால்வு ஒவ்வொண்ணா வந்துக்கிட்டே இருந்தது. திடீர்னு பாத்தா சத்தமா பாடிக்கிட்டுப் போறேன்."

"எங்க, கொஞ்சம் பாடு."

"இங்கயா? வராது. வண்டி ஓடணும்."

நம்மவர் வாசலில் செருப்பைத் தேடினார். ஒரு காலுக்குக் கிடைத்தது. மற்றதைச் செருப்பு அலமாரிக்கு அடியில் துழாவிக்கொண்டே கேட்டார்:

"பெட்ரோல் இருக்கில்ல?"